சொம்பில் விழுந்த திருநீறு

ஆடி வெள்ளி, இரவு

ஒலக்கூர் நிலத்துப் புது போர்வெல் தண்ணீரை இன்று உப்பு பார்க்கும் மீட்டரில் வைத்துப் பார்த்தார் இவர். எண் எகிறியது.

"முழுக்க உப்புடி. மல்லாட்டைப் பயிரு கருகிடும். நாளைக்குக் காலையில மோட்டாரைக் கழட்டிக்கினு போகச் சொல்லிட்டேன், போரை மூடிடலாம்" என்றார்.

முதல் தண்ணீர் என்று, இவர் அளக்கும் முன்பே அந்தத் தண்ணீர் இருந்த சொம்பில் வீட்டில் சுட்ட திருநீற்றைப் போட்டுக் கும்பிட்டது நான்தான். சாம்பலிலும் உப்பு உண்டு, உப்பு கரைந்தால் தண்ணீரில் கரண்ட் கூடுதலாக ஓடும், மீட்டர் அதைத்தான் காட்டும் என்று படித்தவள், அப்போது யோசிக்கவில்லை.

இப்போது குடிதண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். எண் ஏறிக்கினே போகிறது.

போர் தண்ணீரே உப்பாக இருந்தால் அது அம்மன் விட்ட வழி. என் திருநீற்றால் போரை மூடக்கூடாது. மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டது. சொம்பைக் கழுவிவிட்டேன். இவரை எழுப்பி, புதுத் தண்ணீர் பிடித்து மறுபடி அளக்கச் சொல்லப் போகிறேன், திட்டட்டும்.