குப்பன் கதை சொன்ன வாத்தியாருக்கு

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், சார். வாசலில் தொட்டியில் சுண்ணாம்பு கொதித்து நீறுகிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசக் கூடாது என்பார்கள். பேசத்தான் போகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது பேச எனக்கு வாய் ஏது?

கள்ளுக்கடை மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கிணத்துக்கடவில் நம் பள்ளிக்கூடத்துப் பெரிய பையன்களே கள்ளுக்கடைக்குப் பின்பக்கமாகப் போய்வந்தார்கள். நீங்கள் கதர்ச் சட்டைக்காரர். மறியலுக்குப் போனால் வேலை போய்விடும். அதனால் வெள்ளிக்கிழமை கடைசி மணியில் மேல் வகுப்புப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்துக் குடியின் கேட்டைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தீர்கள். “புத்தி சொன்னா காதோட போயிரும், கதைதான் உள்ள இறங்கும்” என்பீர்கள். உங்களுக்கு நல்ல குரல். சண்டாளக் குரல்.

உங்கள் கதையில் வந்த பையனுக்குக் குப்பன் என்று பெயர். அவன் அப்பன் மரமேறி. குப்பனின் சட்டையில் மேல் பித்தான் இல்லை, இடது கையால் எழுதுவான், காலையில் பள்ளிக்கு வரும்போது கடைவாயில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். அது கள்ளின் கறை என்றீர்கள். கூடம் முழுக்கத் திரும்பி என் அண்ணன் பழனிச்சாமியைப் பார்த்தது. இடது கையால் எழுதுகிற மரமேறி மகன் அந்தப் பள்ளியில் வேறு யார் இருந்தான்? அவன் கடைவாயைத் துடைத்துக்கொண்டான். துடைத்ததும் எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள்.

பனங்காலத்தில் எங்கள் வீட்டில் காலைச் சோறு கிடையாது. அப்பன் இறக்கிவரும் தெளுவுதான், அதாவது பதநீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் தெளுவு புளிக்காது, கள்ளாகாது. அந்தச் சுண்ணாம்புதான் சார் அவன் வாயில் இருந்தது. மறுநாள் அப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உங்களிடம் வந்தார். நானும் கூட நின்றேன்.

“ஏனுங்க சார், எம் பையன் குடிச்சது தெளுவுங்க. இப்பப் பசங்க அவனைக் குப்பா குப்பான்னு கூப்படறாங்க. தண்ணிப் பானைகிட்ட உட மாட்டீங்கறாங்க.”

“தெளுவுன்னு எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்க்காரன்தானப்பா. இது கதை. கதைன்னா கொஞ்சம் கூட்டிக் குறைச்சுத்தான் சொல்லணும்.”

“அப்பப் பண்ணாடி ஊட்டுப் பையனை வெச்சுச் சொல்லுங்க சார். அவருதானுங்களே நெசமா குடிக்கிறாரு.”

நீங்கள் பதறிப்போய் வெளியே எட்டிப்பார்த்தீர்கள். நாங்கள் உட்கார்ந்து கதை கேட்ட கூடமே ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பண்ணாடி கட்டிக்கொடுத்தது. “மெதுவாப் பேசு” என்றீர்கள். அப்புறம் அப்பனின் தோளைத் தட்டி, “உன் பையன் பேரை நான் சொல்லவே இல்லையே” என்றீர்கள். இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்பார்களே, அதை நீங்கள் எவ்வளவு பதமாக அரைத்தீர்கள்!

அண்ணன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். சும்மா இருப்பானேன் என்று அப்பன் மரத்துக்குப் பழக்கினார். சாயங்காலங்களில் கள்ளுக்கடைப் பக்கம் போனான். அங்கேயும் குப்பன் கதை போய்ச் சேர்ந்திருந்தது. ஒருநாள் வாய் நாறிக்கொண்டு வந்தவனிடம் ஏன் இப்படி என்று அழுதேன். “குடிகாரன்னு பேரு வெச்சுப்போட்டாங்க கண்ணு. குடிக்காம அந்தப் பேரைச் சொமக்கறது பெரிய பாரமா இருக்குது” என்றான். அவனுக்கு அப்போது மீசை கூட முளைக்கவில்லை.

மாசியில் ஒரு காலை, ராத்திரிக் குடி தெளியாமல் மரத்தில் ஏறி விழுந்தான். நான் பள்ளியில் இருந்தேன். சாவுக்கு நீங்கள் குடையோடு வந்தீர்கள். எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. என் தலையைத் தடவி, “படிப்பை விட்டுராதே” என்றீர்கள். அந்தக் கைக்காக அன்று உங்கள் மேல் எனக்கு அன்பே வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

காரியம் முடிந்து நான் பள்ளிக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, குப்பன் கதையைத் திரும்பச் சொன்னீர்கள். முன்பெல்லாம் குப்பன் சாக்கடையில் கிடந்து சாவான். அன்று முடிவை மாற்றியிருந்தீர்கள். குப்பன் பனையிலிருந்து விழுந்தான். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னீர்கள். கூடமே விம்மியது. பண்ணாடி மகன் தேம்பித் தேம்பி அழுது, இனித் தொடமாட்டேன் என்று எழுந்து நின்று சத்தியம் செய்தான். உண்மையிலேயே தொடவில்லை. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அந்த முடிவைத்தான் சொன்னீர்கள்.

போன மாதம் உங்கள் இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தலைமை வகித்தவர் அந்தப் பண்ணாடி மகன்தான். எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் இன்றுவரை ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

ஆனால் அண்ணன் விழுந்ததை நான் பார்க்கவில்லை, சார். பார்த்த அப்பன் சாகும்வரை வாய் திறக்கவில்லை. எனக்கு இருப்பது நீங்கள் சொன்னது மட்டும்தான். கை நழுவியது, ஓலை சடசடத்தது, “அம்மா” என்று ஒரு சத்தம். கண்ணை மூடினால் அப்படியே, உங்கள் குரலிலேயே விழுகிறான். விழுகிறவனைப் பழனி என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். குப்பன்தான் திரும்பிப் பார்க்கிறான்.