யாரும் காணாத பந்து

ஞாயிறு இரவு

இன்றைக்குக் கோயில் பங்குப் பெண்பிள்ளைகளின் எல்லே போட்டி; மட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற விளையாட்டு. அண்ணனின் மகள் டிலானி கடைசி ஓட்டத்தை ஓடி முடித்தாள். வென்றுவிட்டோம் என்று நானும் துள்ளினேன். ஓடுகிறவர் மேல் பந்து பட்டால் அவுட். நடுவர் ஒன்றும் காணவில்லை. இவளே போய், "சேர், பந்து என்ரை முதுகிலை பட்டது" என்றாள். ஓட்டமும் போயிற்று, கிண்ணமும் போயிற்று.

அணியைப் பழக்குகிற ரீச்சர்தான் இவளுக்கு மறைக்கல்வியும் படிப்பிக்கிறவர். பொய் பாவம் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. எல்லாருக்கும் முன்னால், "உன்னை ஆரடி கேட்டது? பெரிய புனிதை! இனி விளையாட வராதை" என்று கத்தினார். வென்ற மற்ற அணிப் பிள்ளைகளும், "விசரி, நல்லகாலம் எங்கடை பக்கம் இல்லை" என்று சிரித்தார்கள்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த இடத்தில் ரீச்சருக்குத் தலையாட்டிவிட்டு டிலானியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். டிலானி இனிப் பெறவேண்டிய உறுதிபூசுதல் சடங்குக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்கிறதும் அதே ரீச்சர்தானே.

இரவுச் செபத்தில், பிறரை மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் டிலானி வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு பிள்ளை" என்றேன்.

"பொய் சொல்லக்கூடாதெல்லோ மாமி."

அந்த வரியை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தோம்.