நாடகத்தில் வந்த லாரி

20-1-1974, ஞாயிறு

இன்று சாயங்காலம் பள்ளிவாசல் ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் குழுவின் நாடகம். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மேனேஜர் லாரி தர மறுக்கிறார். தொழிலாளிகள் எல்லோரும் பங்களா வாசலில் போய் நிற்கிறார்கள். லாரி வருகிறது, அவள் பிழைக்கிறாள்.

போன வருஷம் அதே எஸ்டேட்டில் லாரி கிடைக்காமல் செத்துப்போன பேச்சியம்மாளின் கதைதான் அது. சனங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முடிவை நான்தான் மாற்றி எழுதினேன்.

கைதட்டல் அடங்கியதும் அவள் புருஷன் சுடலைமுத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் ஒத்தையிலதான் போயிக் கேட்டேன். முடியாதுன்னாங்க, திரும்பிட்டேன். எல்லாரையும் கூட்டிட்டுப் போயிருந்தா குடுத்திருப்பாங்களோ?"

அவனுக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று எழுதும்போது நான் நினைக்கவே இல்லை.

"அப்பவும் குடுத்திருக்க மாட்டாங்கப்பா" என்றேன். மேடையில் ஒரு மணி நேரம் சொன்னதை நானே இல்லையென்றேன்.

அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"இல்ல அண்ணாச்சி. குடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போனான்.