மாமேதை ஹால்பர்க்கும் மூஸ் மான் உண்ணியும்

பிப்ரவரி 3
மைனஸ் முப்பத்தொன்று டிகிரி குளிர். நான்காவது நாளாக வண்டி கிளம்பவில்லை. கல்லூரிக்கு நடந்தே போனேன். போனதும் ஒரு மின்னஞ்சல்: "மாண்புமிகு மாமேதை ஹால்பர்க் அவர்களே, தங்கள் பொன்னான கட்டுரைக்காக எங்கள் ஆய்விதழ் ஏங்கிக் கிடக்கிறது." இத்தனை வருடத்தில் யாரும் என்னை மாமேதை என்றதில்லை. மூஸ் மான் உண்ணிகளைப் பற்றிய கட்டுரையை உடனே அனுப்பிவிட்டேன். மூன்று குளிர்காலம் பனியில் மண்டியிட்டு எண்ணிய உண்ணிகள். இது நல்லபடியாக வெளிவந்தால்தான் மே மாதம் வேலை நிரந்தரமாகும்.

பிப்ரவரி 4
ஏற்றுக்கொண்டார்களாம். பதினோரு மணி நேரத்தில். மாமேதை என்றால் சும்மாவா.

பிப்ரவரி 5
நூலகர் மார்லீனிடம் பீற்றிக்கொள்ளப் போனேன். கேட்டதும் கையிலிருந்த டோனட்டைக் கீழே வைத்தாள். அவள் டோனட்டைக் கீழே வைத்தால் விஷயம் மோசம்.

"பதினோரு மணி நேரத்துல யாருப்பா படிச்சுப் பாத்தாங்க? இதழ் பேரு என்ன?"

"உலக இதய, பல், வேளாண் ஆய்விதழ்."

"உண்ணி இதுல எதுல வருது?"

பல்லில் என்றுதான் நினைத்திருந்தேன். கடிக்கிறதே.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஆசிரியர் குழுவுல ஒருத்தரையாவது கூப்பிட்டு விசாரிக்கணும்." இதழின் இணையதளத்தில் குழுப் பட்டியலைத் திறந்தாள். நான்காவது பெயர்: இதய நிபுணர் ஹால்பர்க். என்னைக் கேட்காமலே போட்டிருந்த படத்தில் நான், மீன்பிடிப் போட்டியில் பிடித்த மீனோடு.

"கூப்பிடட்டுமா?" என்றாள்.

பிப்ரவரி 6
கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். தர முடியாதாம், ஆசிரியர் குழுவின் முடிவே இறுதியானதாம். அந்தப் போலி இதழில் வெளியானால் அப்புறம் நல்ல இதழ் எதுவும் தொடாது. மூணு வருஷம் போச்சே — ஒரே ஒரு வார்த்தைக்கு மயங்கி. எனக்கு வெட்கமே இல்லையா?

பிப்ரவரி 7
பதிலை மார்லீனிடம் காட்டினேன். "குழுவே நீதானேப்பா. வேண்டாம்னு எழுது."

எழுதினேன், இதய நிபுணராக. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு கை நிற்கவில்லை: "கன்றுகளில் எண்ணியதை வளர்ந்த மான்களோடு சேர்த்தது பெரிய தவறு." உண்மைதான். மூன்று வருடமாக நானே கண்டும் காணாமல் விட்டது.

பிப்ரவரி 10
"வருந்துகிறோம், மாமேதையே. தங்கள் கட்டுரையை நீக்கிவிட்டோம். எங்கள் இதய நிபுணர் மிகவும் கண்டிப்பானவர்."

மார்லீனுக்கு ஒரு டஜன் டோனட்.

ஏப்ரல் 28
கன்றுகளைத் தனியே பிரித்து, மார்லீன் விசாரித்துச் சொன்ன இதழுக்கு அனுப்பியிருந்தேன். இன்று பதில். நான்கு பக்கம் முழுக்கக் குறை. மாமேதை என்று எங்கும் இல்லை. கன்றுகளைப் பிரித்தது சரி என்று மட்டும் ஒரு வரி. மற்றதைத் திருத்தினால் வெளியிடுவார்களாம்.

மார்லீனிடம் கொடுத்தேன். டோனட்டைக் கீழே வைக்காமலே நான்கு பக்கத்தையும் படித்து முடித்தாள்.