சிக்காகோப் புத்தகங்கள்

1986 யூலை 14, திங்கள்

மழை. காலையிலிருந்து ஒரே சீராக; இந்தத் தெற்குக் கோடி நாட்டில் யூலை குளிர்காலம். பஸ் கண்ணாடி முழுக்க நீராவி. ஹில்ஸ்பரோவிலிருந்து குயின் வீதி வரைக்கும் வெளியே எதுவும் தெரியவில்லை.

நூலகத்தில் சிக்காகோ பற்றி இன்னும் மூன்று புத்தகங்கள். ஒன்று முழுக்க வரைபடங்கள், கல்லுப் போலப் பாரம். கட்டுரை அடுத்த வெள்ளிக்குள்: சதுப்பு நிலத்தில் ஒரு பெருநகர் எப்படி எழுந்தது. மார்ச்சில் நானே தேர்ந்த தலைப்பு. அப்போது அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

இப்போதும் தெரியாது. ஒரு படம் மட்டும் தெரியும். நான் இருப்பது அக்கா வீட்டில்; அவள் புருஷன், அத்தானின் சிநேகிதர் மூலம் வந்த சம்பந்தம். நேசன், எஞ்சினியர், சிக்காகோ. படத்தில் பனிக்குள் நிற்கிறார், கைகள் கோட்டுப் பைக்குள். அக்கா படத்தைத் தந்து ஒரு கிழமை. யோசித்துச் சொல் என்றாள். யோசிக்கிறேன். அதாவது தள்ளிப்போடுகிறேன்.

வாங்க: பால், முத்திரை, டைப்ரைட்டர் ரிப்பன்.

யூலை 15, செவ்வாய்

மழை விட்டுவிட்டு.

வாசித்தது. ஏரிக்கரையில் தட்டையான ஊர். தெருவெல்லாம் சேறு. தண்ணீர் வடிய இடமில்லை. சாக்கடைக் குழாயைத் தாழ்க்க வழியில்லை. ஆகவே குழாய்களைத் தரைக்கு மேலே போட்டு, மண்ணால் மூடித் தெருவை உயர்த்தி, பிறகு கட்டடங்களை அந்த உயரத்துக்குத் தூக்கினார்கள். செங்கல் கட்டடங்களை. அடியில் வரிசையாகத் திருகு ஜாக்கிகள், ஆளுக்குச் சில. விசில் ஊதினால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சிறு திருகல். ஒரு ஹோட்டலைத் தூக்கும்போது உள்ளே ஆட்கள் தங்கியிருந்தார்களாம். சாப்பிட்டார்களாம், தூங்கினார்களாம்.

அவர்களிடம் யாராவது கேட்டார்களா? புத்தகத்தில் இல்லை.

இங்கே குயின் வீதிக்குக் கீழே ஓர் ஓடை இருக்கிறது, குழாய்க்குள். அதற்கு மேலே நின்றுதான் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். தலைக்கு மேலே கிரேன்கள். போன மாதம் ஒரு பழைய கட்டடம் இருந்த இடத்தில் இன்று பலகை வேலி, உள்ளே குழி. என்ன கட்டடம் என்று நினைவில்லை. தினமும் பார்த்தும். வெட்கம்.

மேசையில் வாசித்துக்கொண்டே இருந்ததில் சாப்பாடு ஆறிப்போய்விட்டது, அக்கா ஏசவில்லை. தானே சூடாக்கித் தந்தாள், ஒரு மாதிரிச் சிரிப்போடு. விசித்திரம்.

யூலை 19, சனி

மூட்டம். காற்று.

மவுண்ட் ரொஸ்கில் மண்டபத்தில் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல். நான் தேத்தண்ணீர்ப் பக்கம். அக்காவோடு வேலை செய்யும் தம்பு அன்ரி வந்து என் கையைப் பிடித்தார்.

"அங்கத்தைக் குளிர் இஞ்சத்தை மாதிரி இல்லையாம் பிள்ளை. நல்ல கோட்டாப் பாத்து வாங்கும்."

எங்கே என்று கேட்டேன். அன்ரி சிரித்தார். "வெக்கப்படாதையும்" என்று கன்னத்தில் தட்டிவிட்டு, பட்டிஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது காரில் அக்காவைக் கேட்டேன். சம்மதம், ஓம் என்று நேசனின் வீட்டுக்குச் சொல்லியாயிற்றாம். அத்தான் றோட்டையே பார்த்து ஓட்டினார். ஆர் ஓம் சொன்னது என்றேன்.

"நீதானே. அந்த ஊர்ப் புத்தகமெல்லாம் காவிக்கொண்டு வந்து மேசையில அடுக்கி வைச்சு, சாப்பாட்டையும் மறந்து வாசிக்கிறாய். இனி வாயாலயும் சொல்ல வேணுமோ?"

கட்டுரை என்றேன். "கட்டுரைக்கு வேற ஊர் இல்லையோ?" என்றாள்.

எங்கள் வீட்டில் பெண்கள் வாயால் ஓம் சொன்னதில்லை. அத்தானைக் கட்டச் சம்மதமா என்று அக்காவை அம்மா கேட்டபோது அவள் எழும்பிக் குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தாள், அதுதான் ஓம். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன், எனக்கே விளங்கியது. அப்படியானவளுக்கு ஐந்து புத்தகம் எவ்வளவு பெரிய ஓம். முழுப் பிழையும் அவளுடையதென்று சொல்ல முடியவில்லை. சொல்லவும் ஆசையாக இருக்கிறது.

அம்மாவுக்கு அக்காவின் ஏரோகிராம் கடிதமும் போய்விட்டது. அதுதான் நெஞ்சுக்குள் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுகிற நாட்களில், அம்மாவுக்கு ஒரு சந்தோசச் செய்தி.

நாளைக் காலை நேசன் சிக்காகோவிலிருந்து போன் எடுப்பாராம்.

யூலை 20, ஞாயிறு

வெயில், ஆனால் கடும் குளிர். விடிய எழும்பிக் கடற்பக்கம் நடந்தேன். வற்று நேரம், கடல் இறங்கியிருந்தது. மானுக்கவ் குடா முழுக்கச் சேறு மினுங்கியது. திரும்பி வந்தேன், இருந்தேன், எழும்பினேன், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

போன். அக்கா நடையில் நின்று துவாய் மடித்தாள். அதே துவாயை, மறுபடி மறுபடி.

நல்ல குரல். அது இன்னும் கஷ்டம். இங்கே ஞாயிறு காலை, அங்கே இன்னும் சனி பின்னேரம். என் படிப்பைக் கேட்டார். முடித்துவிட்டே வரலாம், அவசரமில்லை என்றார். ஏரிக்குள் விழுந்த ஆற்றை மறுபக்கம் திருப்பிவிட்டார்களே, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வேலைக்குப் போகத் தினமும் பாலத்தால்தான் கடக்கிறாராம். எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்ததில்லையாம். சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால் எல்லாம் தன்பாட்டில் முடிந்திருக்கும். ஒரு சிறு திருகல், யாருக்கும் தெரியாமல்.

"நான் இன்னும் ஓம் சொல்லேல்லை."

லைன் இரைந்தது.

"இல்லை எண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இப்ப சொல்லுறன். இல்லை."

"ஏன், இந்த ஊர் பிடிக்கேல்லையோ?"

"ஊர் நல்லாப் பிடிச்சிருக்கு."

விளங்குது என்றார். எனக்கே பாதிதான் விளங்கியது. கட்டுரை நல்லா வரட்டும் என்று சொல்லிப் போனை வைத்தார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அக்கா துவாயை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

யூலை 22, செவ்வாய்

மழை திரும்ப.

அக்கா கதைக்கிறதில்லை. அத்தான் நடுவில் தூது: கறி அடுப்பில் இருக்காம், உடுப்பைக் கொடியிலிருந்து எடுக்கட்டாம். பஸ் தரிப்பு வரை காரில் கொண்டுவந்து விட்டார். "வடிவா யோசிச்சனிதானே?" ஓம் என்றேன். ரேடியோவைப் போட்டார். கிரிக்கெட்.

அம்மாவுக்கு எழுதினேன். அக்காவின் கடிதமே இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. இரண்டும் ஒன்றாகப் போனால் அம்மா எதை முதலில் பிரிப்பார்?

சிக்காகோவுக்குப் போக ஆசை இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது. ஒருவரும் விசில் ஊதாமல், நானாகப் போய், அந்தப் பாலத்தில் நின்று ஒரு துண்டுக் கடுதாசியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

நேசனுக்கு அந்தப் பாலம் தினமும் கிடைக்கிறது. நினைத்தால் எரிச்சல்.

யூலை 25, வெள்ளி

மூட்டம். மழை இல்லை.

கட்டுரை கொடுத்தாயிற்று. அந்த ஊரை எரித்த பெருந்தீ பற்றிய பகுதி பலவீனம். பின்னிணைப்பு வரைபடம் கோணல். போகட்டும்.

புத்தகங்களைத் திருப்பிவிட்டு, அடுத்த தலைப்புக்கு இரண்டு எடுத்தேன். பழக்கதோசத்தில் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டேன். அக்கா இடியப்பத் தட்டோடு வந்து நின்றாள். மேல் அட்டையைப் பார்த்தாள். புகைபோக்கிகள், மூன்று ஆறு சேரும் முனை.

ஞாயிறுக்குப் பிறகு முதல் வார்த்தை:

"இது எந்த ஊர்?"

"பிட்ஸ்பர்க்."

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை அக்கா."

புத்தகங்களை ஒரு பக்கமாகத் தள்ளி, எனக்குத் தட்டு வைத்தாள்.