நெல் சங்கத்துக்குப் போன என் ஜோடி

இன்று பொன்னேரியிலிருந்து வரும்போது பஸ் ஊர்ந்துதான் வந்தது. பாதிச் சாலையை நெல் அடைத்துக்கொண்டிருந்தது. மழையில் நனைந்த நெல்லை வெயிலில் பரப்பி, காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக அந்தப் புளித்த வாடை குப்பென்று அடித்தது. எனக்கு உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. நீ போன பிறகாவது இந்த எரிச்சல் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஏரியில் நாம் இரண்டு பேரும் ஜோடி. முழங்கால் தண்ணீரில் தோளோடு தோள் ஒட்டிக் குந்தியபடி நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்போம். அதனால் தண்ணீரில் பேச்சே கிடையாது. முழங்கையால் இடித்தால் நண்டு, தோளால் தள்ளினால் பக்கம் மாற வேண்டும். உன் கைக்குத் தப்பிய இறால் நேராக என் கைக்கு வரும். கரையேறிப் பறியை இறக்கியதும், அத்தனை நேரம் அடக்கி வைத்த பேச்சையெல்லாம் என்னிடம் கொட்டுவாய். வீடு வரைக்கும் ஓயமாட்டாய். அதைக் கேட்பதற்காகவே நான் ஏரிக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

உன் வீட்டுக்காரர் குத்தகைக்கு நிலம் எடுத்தார். அறுத்த நெல்லை அரசாங்கக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்துவிட்டு நீயும் காத்துக் கிடந்தாய். வியாபாரிகளின் லாரிகள் உள்ளே போயின. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் இங்கே நெல் விற்கலாம் என்று உன்னைத் திருப்பினார்கள். மழை வந்தது. உன் நெல் குவியலிலேயே முளைத்தது. அடுத்த வாரமே கழுத்தில் பச்சைத் துண்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

“நெல்லு போடுறவங்களுக்குனு ஒரு சங்கம் கீதுடி. நான் சேந்துட்டேன்.”

“அப்ப ஏரிக்கு?”

“வராம எங்க போவப் போறேன்? கூட்டம் இல்லாத நாள்ல வர்றேன். இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற?”

கூட்டம் இல்லாத நாளே இல்லாமல் போயிற்று. நான் என் நாத்தனாரோடு ஏரியில் இறங்கினேன். என் கைக்குத் தப்பியது அவள் கைக்கும் தப்பி ஓடியது.

சங்கத்துச் செயலாளரம்மா ஸ்கூட்டரில் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போவார். நீ பின்னால் உட்கார்ந்து அவர் காதில் பேசிக்கொண்டே போவாய். எனக்கு வர வேண்டிய பேச்சு அது. அந்த ஸ்கூட்டர் பஞ்சராக வேண்டும் என்று வேண்டாத சாமியில்லை. தோணிரேவு வரும் வழியில் ஒரு முறை பஞ்சரும் ஆனது. நீங்கள் இருவரும் சிரித்துச் சிரித்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். அதைப் பார்ப்பதற்குப் பதில், ஸ்கூட்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

டச்சுக்காரர்கள் கல்லறைக்கு எதிரே பந்தல் போட்டு உங்கள் சங்கம் ஆர்ப்பாட்டம் நடத்தியது. நானும் வந்தேன். உன் பேச்சைக் கேட்க வரவில்லை, நீ யார் பக்கத்தில் உட்காருகிறாய் என்று பார்க்க வந்தேன். குறை கேட்க வந்த பெரிய அதிகாரி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். நீ கை ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, “நெலம் எவன் பேர்லனா இருக்கட்டும் சார். வெதச்சது இந்தக் கை. இந்த நெல்ல எடுக்கமாட்டேன்னா இன்னா நாயம்?” என்று வெளுத்து வாங்கினாய். பிறகு குனிந்து, பந்தலில் கொட்டி வைத்திருந்த முளைத்த நெல்லை இரண்டு கைகளிலும் அள்ளி அவரிடம் காட்டினாய். கை இரண்டும் நிறைந்துவிட்டதால், உனக்கே தெரியாமல் ஒலிபெருக்கியின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டாய். கடித்ததும் ஏரிப் பழக்க தோஷம், பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

பந்தலே அடங்கிப்போய் உன்னைப் பார்த்தது. நீ சுற்றிலும் பார்த்தாய், என்னைக் கண்டுபிடித்தாய். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. உனக்கும்தான். வாயைத் திறக்க முடியாமல் தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுகிறாய் என்று நினைத்து அதிகாரியே எழுந்து நின்றார். அடுத்த அறுவடையில் குத்தகைக்காரர்களின் நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குள் போனது. ஆர்ப்பாட்டத்தன்று பந்தலை விட்டு வெளியே வந்ததும் என்னை முழங்கையால் ஓர் இடி இடித்து, “நாளைக்குப் பேசலாம்டி” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாய்.

காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. சங்கக் கொடியை உன் மேல் போர்த்தினார்கள். சின்ன வயதிலிருந்து உன்னோடு இருந்த நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். இரங்கல் கூட்டத்தில் செயலாளரம்மா, “மொளச்ச நெல்லப் பாத்து பேச்சு வராம அழுதாங்களே, அத்த மறக்க முடியுமா?” என்றார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “நல்லவ” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களிடம்தான் அவ்வளவு இருக்கிறதே, இது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது.

ஒண்டியாகப் பார்க்க முடியவில்லை என்று உன் வீட்டுக்காரர் பாதி நிலத்தை எங்களுக்கு விட்டார். இந்தப் போகம் நானும் நெல் போட்டிருக்கிறேன். சங்கத்திலும் சேர்ந்துவிட்டேன். நெல்லுக்காகச் சேர்ந்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதுவும்தான். ஆனால் நீ என்னிடம் பேசாமல் போன நாட்களெல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. இப்போது நான் அந்த ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எந்தக் கடையில் டீ குடிப்பாய், எதற்குக் கோபப்படுவாய், யாரைப் போல நடித்துக் காட்டுவாய் என்று செயலாளரம்மாவும் ஆசையாகச் சொல்கிறார். ஒன்றையும் நான் விடுவதில்லை.

நேற்று அவர் என் பக்கம் லேசாகத் திரும்பி, “நானே சொல்லிக்கினு வர்றேனே, நீங்களும் எதுனா சொல்லுங்க. ஏரில அவங்க உங்ககிட்ட இன்னா பேசுவாங்க?” என்று கேட்டார்.

“ஏரில நாங்க பேசிக்கவே மாட்டோம்மா” என்றேன்.