வசனமில்லாத வேடம்

மொரப்பூர்,
9.11.2025.

அன்புள்ள மனையாளுக்கு,

18.8.1974 அன்று நாம் பார்த்த ஆங்கிலப் படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன். வழக்கறிஞராக நடித்தவரின் குரலை அன்று மெச்சினேன். நீயோ, "அவரு பொண்டாட்டியா பேசாம உக்காந்திருந்தவதாங்க நல்லா நடிச்சா" என்றாய். சிரித்துவிட்டேன்.

நேற்று ஒலியில்லாமல் பார்க்க நேர்ந்தது. தொலைக்காட்சியில் பழுதில்லை.

குரலை நீக்கினால், அவர் கையை வீசுவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கணவன் பொய் சொல்வதை அந்தப் பெண் முகத்திலேயே காட்டிவிடுகிறாள். வேடப் பொருத்தம் அவளுக்குத்தான்.

26.10.2025 அன்று, பதில் சொல்லாமல் நிற்கிறாய் என்று உன்னை ஏசினேன். நீ கடத்தூரில் உள்ள உன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாய். நீ பதில் சொல்லித்தான் இருப்பாய்.

19.11.2025 புதனன்று தருமபுரியில் காது மருத்துவரைப் பார்க்கிறேன். அவர் சொல்வதைக் கேட்க நீ உடன் வர வேண்டும்.

உன் கணவன்.